பெனிசிலின் கண்ட பிளெமிங்

1945-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ந் தேதி. ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமில், நோபல் பரிசு பெற்ற டாக்டர் ஒருவர் சொற்பொழிவு நிகழ்த்த எழுந்தார். குள்ளமான உருவம். நரைத்த தலை. நீல நிறக் கண்கள். வயது 64. மேடைப் பேச்சில் அவர் வல்லவர் அல்ல. குரலை உயர்த்தாமல், அலங்காரம் இல்லாமல் பேசுகிறவர்.

உலக யுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் கண்டுபிடித்த மருந்து போர்க்களத்தில் ஆயிரமாயிரம் சிப்பாய்களைப் பிழைக்க வைத்திருந்தது. அற்புத மருந்து என்று உலகமே அதைப் புகழ்ந்து கொண்டிருந்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்தப் புகழிலே மகிழ்ந்து பேச்சை முடித்திருப்பார். அவரோ, பேச்சை முடிக்கும் தறுவாயில் ஒரு குடும்பத்தின் சோகக் கதையைச் சொன்னார். கற்பனைக் கதைதான். ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை இருந்தது.

அந்த டாக்டர்தான் பெனிசிலின் கண்ட ஸர் அலெக்ஸாண்டர் பிளெமிங். அந்தக் கதை என்ன? அது ஏன் இன்றும் நம்மைச் சுடுகிறது? அதைத் தெரிந்து கொள்ள, அவருடைய வாழ்க்கையை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

குடியானவர் மகன்

ஸ்காட்லாந்தில் டார்வல் என்ற சிற்றூரை அடுத்து லாக்பீல்டு என்ற பண்ணை உண்டு. அங்கே 1881-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அலெக்ஸாண்டர் பிறந்தார். தந்தை ஹ்யூ பிளெமிங் ஒரு குடியானவர். முதல் மனைவி இறந்த பிறகு, கிரேஸ் என்ற மாதை இரண்டாந்தாரமாக மணந்தவர். இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வளர்ந்தார்கள். அலெக்ஸாண்டருக்கு 7 வயது ஆனபோது தந்தை காலமானார். தாயாரும் மூத்த தாரத்து மகனும் பண்ணையைக் கவனித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

ஆடுகள் மேயும் மேட்டு நிலம், ஓடை, பறவைக் கூடு இவற்றின் நடுவேதான் சிறுவன் வளர்ந்தான். பள்ளிக்கூடத்துக்கு வயல் வெளியில் நடந்தே போய் வந்தான். பிறர் கவனிக்காமல் தாண்டிப் போவதை நின்று பார்க்கும் பழக்கம் அங்கேதான் ஏற்பட்டது. அந்தப் பழக்கமே பின்னாளில் உலகத்துக்கு ஒரு மருந்தைத் தந்தது.

13-வது வயதில் அவர் லண்டனுக்கு வந்தார். அங்கே அண்ணன் டாம் டாக்டராக இருந்தார். சில காலம் படித்த பின் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நான்கு வருஷம் வேலை பார்த்தார். வேலை பிடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் தந்தையின் சகோதரர் ஒருவர் இறந்து, அவருடைய சொத்தில் 250 பவுன் பங்காகக் கிடைத்தது. அந்தப் பணத்தில் வைத்தியம் படிக்கும்படி அண்ணன் யோசனை சொன்னார்.

எந்தக் கல்லூரியில் சேருவது? லண்டனில் பல இருந்தன. ஸெயிண்ட் மேரி ஆஸ்பத்திரிக் கல்லூரி மாணவர்களோடு அவர் ஒரு தடவை தண்ணீரில் பந்து விளையாடியிருந்தார். அந்த ஒரே காரணத்துக்காக 1901-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்! 1906-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் குறி தவறாமல் துப்பாக்கி சுடுவார். அவரை விட்டுவிட அங்கிருந்த துப்பாக்கிக் கழகத்துக்கு மனம் வரவில்லை. அதனால் அதே ஆஸ்பத்திரியில், ஆல்ம்ராத் ரைட் என்ற பிரபல நிபுணரின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். கிருமிகளோடு அவருக்கு ஏற்பட்ட உறவு அன்று தொடங்கியது. சாகும் வரை அது விடவில்லை.

சூதாட்ட மாளிகையில் ஆஸ்பத்திரி

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. பிரான்சு தேசத்தில் பூலோன் என்ற கடற்கரை நகரில் ஒரு சூதாட்ட மாளிகை இருந்தது. அதை ராணுவ ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். ரைட்டின் குழுவோடு பிளெமிங் அங்கே போனார்.

குண்டடிபட்ட சிப்பாய்கள் தினமும் வந்தார்கள். குண்டைவிடக் கிருமியே அதிகம் பேரைக் கொன்றது. ரணத்தில் சேறும் துணித் துண்டும் புகுந்து, சீழ் பிடித்து, உடம்பு முழுவதும் விஷம் ஏறிச் செத்தார்கள். டாக்டர்கள் காரமான கிருமிநாசினிகளை ரணத்தில் ஊற்றினார்கள். ஆனால் சாவு குறையவில்லை.

ஏன் என்று பிளெமிங் யோசித்தார். கண்ணாடிக் குழாயைச் சூடு பண்ணி, முள் முள்ளாக இழுத்து, யுத்த ரணத்தைப் போலவே மூலை முடுக்குகள் உள்ள ஒரு குழாயைச் செய்தார். அதில் கிருமிநாசினியை ஊற்றிப் பார்த்தார். முடுக்குகளில் ஒளிந்த கிருமிகளை மருந்து தொடவே இல்லை. அதற்கு மேல், உடம்பைக் காக்கும் வெள்ளை அணுக்களைத்தான் அது முதலில் கொன்றது. பகைவனை விட்டுவிட்டு நம் காவல்காரனைச் சுடுகிற துப்பாக்கி அது!

கிருமியை மட்டும் கொன்று, உடம்புக்குத் தீங்கு செய்யாத ஒரு மருந்து கிடைக்காதா? இந்த ஏக்கத்தோடுதான் அவர் ஊர் திரும்பினார். ஆனால் திரும்புவதற்கு முன் இன்னொரு கொடுமையையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

1918-ல் வந்த விஷ ஜுரம்

1918-ல் இன்புளூயன்ஸா என்ற விஷ ஜுரம் உலகெங்கும் பரவியது. குண்டுக்குத் தப்பிய வாலிபர்கள் ஜுரத்துக்குத் தப்பவில்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேர் மாண்டார்கள் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள்.

இறந்தவர்களின் நுரையீரலை பிளெமிங்கும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். சிலரிடம் பைபர் பாஸிலஸ் என்ற கிருமி இருந்தது. இன்புளூயன்ஸாவுக்கு அதுவே காரணம் என்று அக்காலத்து டாக்டர்கள் பலர் நம்பினார்கள். ஆனால் வேறு சிலரிடம் அது இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் மற்றக் கிருமிகள் இருந்தன. இது புதிராகவே இருந்தது.

அந்தப் புதிர் 1933-ல் அவிழ்ந்தது. இன்புளூயன்ஸாவை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, அதைவிட மிகச் சிறிய வைரஸ் என்று லண்டன் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாக்டீரியா தானே தின்று, தானே பெருகும் ஓர் உயிர். அதற்கு மதில் போன்ற சுவர் உண்டு. வைரஸுக்குச் சொந்த வீடு இல்லை. பிற உயிரின் அணுவுக்குள் புகுந்துதான் அது பெருகும்.

அப்படியானால் இறந்தவர்களின் நுரையீரலில் பிளெமிங் கண்ட பாக்டீரியாக்கள் எங்கிருந்து வந்தன? வைரஸ் கதவை உடைத்தது. பாக்டீரியா உள்ளே நுழைந்து கொள்ளையடித்தது. 1918-ல் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கடைசியாகக் கொன்றது பாக்டீரியா நிமோனியாதான் என்று, பாதுகாத்து வைத்த நுரையீரல் துணுக்குகளை ஆராய்ந்து 2008-ல் அமெரிக்க நிபுணர்கள் முடிவு செய்தார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். இந்த வாழ்க்கைக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பூஞ்சக்காளான் படிந்த தட்டு

யுத்தம் முடிந்து பிளெமிங் ஸெயிண்ட் மேரிக்குத் திரும்பினார். 1915-லேயே அவருக்குக் கலியாணம் ஆகியிருந்தது. மனைவி ஸாரா, அயர்லாந்தைச் சேர்ந்த நர்சு. 1924-ல் ராபர்ட் என்ற மகன் பிறந்தான்.

1921-ல் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. தம் மூக்குச் சளியையே கிருமித் தட்டில் வைத்துப் பார்த்தார். சளியைச் சுற்றி இருந்த கிருமிகள் கரைந்து போயின! சளியிலும் கண்ணீரிலும் உள்ள லைஸோஸைம் என்ற பொருள் அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணீருக்காக, வருகிறவர் போகிறவர் கண்ணில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்தார். ஆனால் லைஸோஸைம் கொடிய கிருமிகளைக் கொல்லவில்லை.

1928-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். குடும்பத்தோடு விடுமுறைக்குப் போயிருந்தவர் திரும்பி வந்தார். அவருடைய மேஜை சுத்தமாக இருக்காது. கழுவாத தட்டுகள் குவிந்து கிடந்தன. சீழ்க் கட்டியை உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அவற்றில் வளர்த்து வைத்திருந்தார். ஒரு தட்டில் பூஞ்சக்காளான் படிந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியாக்கள் கரைந்து கண்ணாடி போல ஆகியிருந்தன.

வேறு யாராவது இருந்தால் கெட்டுப்போன தட்டு என்று கழுவியிருப்பார்கள். மேட்டு நிலத்தில் பழகிய கண் அதை விடவில்லை. அந்தப் பூஞ்சக்காளானை வளர்த்து அதன் சாற்றை எடுத்தார். அது பல கொடிய பாக்டீரியாக்களைக் கொன்றது. வெள்ளை அணுக்களுக்குத் தீங்கு செய்யவில்லை. பூலோனில் அவர் ஏங்கிய மருந்து அதுவே. பெனிசிலின் என்று பெயர் வைத்தார்.

1929-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே இன்புளூயன்ஸா இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. பைபர் பாஸிலஸை பெனிசிலின் கொல்வதில்லை. ஆகவே மற்றக் கிருமிகளைச் சாற்றால் ஒழித்து, அந்த ஒரு கிருமியைத் தனியே பிரித்து எடுக்கலாம் என்று அவர் எழுதினார். விஷ ஜுரத்தின் மர்மம் அவர் மனத்தைப் பத்து வருஷத்துக்குப் பிறகும் விடவில்லை. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் உண்டு என்பதையும் அவர் முதல் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்.

ஆனால் சாற்றிலிருந்து மருந்தைப் பிரிக்க அவரால் முடியவில்லை. அது சீக்கிரம் கெட்டுப் போயிற்று. பெனிசிலின் பத்து வருஷம் தூங்கியது.

தட்டி எழுப்பியவர்கள் ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகள். ஆஸ்திரேலியரான ஹோவர்டு ப்ளோரி, ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வந்த எர்னஸ்ட் செயின், கைத்திறன் மிக்க நார்மன் ஹீட்லி ஆகியோர் அதைச் சுத்தப்படுத்தினார்கள். 1940-ம் ஆண்டு மே 25-ந் தேதி 8 எலிகளுக்குக் கொடிய கிருமியை ஏற்றினார்கள். 4 எலிகளுக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து பெறாத நான்கும் மறுநாள் காலைக்குள் செத்துக் கிடந்தன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன.

1941-ல் ஒரு போலீஸ்காரருக்கு முதன் முதலாகச் சிகிச்சை செய்தார்கள். முகமெல்லாம் சீழ் வைத்து, ஒரு கண்ணையும் இழந்திருந்தவர் நாலைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் மருந்து தீர்ந்து போயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூட அதைப் பிரித்து எடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். போதவில்லை. கிருமி மறுபடியும் தலை தூக்கியது. அவர் மாண்டார். அரைகுறை மருந்து ஆபத்து என்ற பாடத்தை அந்த முதல் நோயாளியே உயிரைக் கொடுத்துக் கற்பித்தார்.

பிறகு அமெரிக்காவில் பெரிய தொட்டிகளில் பெனிசிலின் தயாராயிற்று. 1944-ல் பிளெமிங்குக்கு ஸர் பட்டம். 1945-ல் அவருக்கும் ப்ளோரிக்கும் செயினுக்கும் சேர்த்து நோபல் பரிசு.

ஸ்டாக்ஹோமில் சொன்ன கதை

இப்போது அந்தக் கதைக்கு வருவோம். ஒருவருக்குத் தொண்டையில் புண். கடையில் தாமாகவே பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு. ஆனால் மருந்தைத் தாங்கப் பழகிக் கொள்ளப் போதுமான அளவு. அந்தக் கிருமி அவருடைய மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள். பழகிப்போன கிருமி அசையவில்லை. அவள் இறந்து போகிறாள். அவளைக் கொன்றது யார்? மருந்தை அலட்சியமாகத் தின்ற கணவனே என்பது பிளெமிங்கின் தீர்ப்பு. பெனிசிலின் சாப்பிடுவதானால் போதிய அளவு சாப்பிட வேண்டும் என்று அவர் முடித்தார்.

இது எப்படி நடக்கிறது? கோடிக் கணக்கான பாக்டீரியாக்களில் ஒன்றிரண்டு தற்செயலாக வலுவுள்ளவையாக இருக்கும். சில, மருந்தையே அறுத்துப் போடும் ரசத்தைச் சுரக்கும். அரைகுறை மருந்து பலவீனமானவற்றைக் கொன்று, வலுவுள்ளவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அவற்றில் சில ஜாதிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். அதோடு, தம் வலுவைப் பக்கத்தில் உள்ள வேறு ஜாதி பாக்டீரியாவுக்கும் அவை தானம் செய்துவிடும்.

பிளெமிங்கின் வாக்கு அவர் கண் முன்னாலேயே பலித்தது. 1946-ல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எடுத்த ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளில் ஏழில் ஒன்று பெனிசிலினுக்கு அடங்கவில்லை. 1948-ல் பாதிக்கு மேல் அடங்கவில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் பெனிசிலின் விற்கக் கூடாது என்று 1947-ல் பிரிட்டனில் சட்டம் போட்டார்கள்.

1949-ல் அவருடைய மனைவி காலமானார். 1953-ல், தம்மோடு ஆராய்ச்சி செய்த அமாலியா என்ற கிரேக்கப் பெண்மணியை மணந்தார். 1955-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி மாரடைப்பால் மரணம் அடைந்தார். லண்டன் ஸெயிண்ட் பால் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

புயலும் கறையானும்

அவர் மறைந்து இரண்டே வருஷத்தில், 1957-ல், ஆசிய இன்புளூயன்ஸா பரவியது. ஜுரத்தோடு நிமோனியாவும் கண்டவர்களில் சிலரைப் பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கொன்றது. அந்தக் கிருமிக்காகவே மெதிசிலின் என்ற புது மருந்து 1959-ல் வந்தது. 1961-லேயே அதற்கும் அடங்காத கிருமி பிரிட்டனில் தோன்றிவிட்டது.

2020-ம் ஆண்டு மார்ச்சு 11-ந் தேதி. கோவிட் உலகைச் சூழ்ந்த கொள்ளை நோய் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. பிளெமிங் இறந்து அன்றோடு சரியாக 65 வருஷம்! 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களில், வழக்கத்தைவிட அதிகமாக ஏற்பட்ட சாவுகள் 1 கோடியே 49 லட்சம் என்று அந்த ஸ்தாபனம் கணக்கிட்டது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. சாவுக்கு அதுவும் ஒரு துணையாக இருந்தவற்றைச் சேர்த்தால் 49 லட்சத்து 50 ஆயிரம்.

எது பெரிய ஆபத்து? ஒரு வருஷத்துக் கணக்கைப் பார்த்தால் கொள்ளை நோயே பெரிது. ஆனால் வைரஸ் புயலைப் போல வருகிறது. ஊரே விழித்துக் கொள்கிறது. கோவிட் தோன்றி ஒரு வருஷத்துக்குள் தடுப்பூசி வந்துவிட்டது. புயல் ஒரு நாள் ஓயும். அடங்காத பாக்டீரியா கறையானைப் போன்றது. சத்தம் இல்லை, செய்தி இல்லை, ஓய்வும் இல்லை. பிரசவம், அறுவைச் சிகிச்சை, புற்றுநோய் வைத்தியம் என்று நாம் நம்பி இருக்கும் உத்தரங்களை எல்லாம் உள்ளேயே அரிக்கிறது. இப்படியே போனால் 2025 முதல் 2050-க்குள் 3 கோடியே 90 லட்சம் பேரை அது நேரடியாகக் கொல்லும் என்று 2024-ல் நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். புது மருந்து செய்யக் கம்பெனிகளுக்கும் ஊக்கம் இல்லை. சில நாளே சாப்பிடும் மருந்து. அதையும் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்க வேண்டும். லாபம் எங்கே?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கறையான் அரித்த வீட்டைத்தான் புயல் முதலில் சாய்க்கும். 1918-ல் வைரஸ் உடைத்த கதவு வழியே பாக்டீரியா புகுந்தபோது கையில் மருந்து இல்லை. இனி ஒரு கொள்ளை நோய் வரும்போதும் மருந்து பலிக்காமல் போனால், 1918-க்கே திரும்பிவிடுவோம்.

ஆனால் கோவிட் காலத்தில் என்ன நடந்தது? ஆஸ்பத்திரியில் சேர்ந்த கோவிட் நோயாளிகளில் 100-க்கு 8 பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் இருந்தது. ஆனால் 100-க்கு 75 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024-ல் தெரிவித்தது. பாக்டீரியாவின் மதில் சுவரைக் கட்ட விடாமல் செய்வதுதான் பெனிசிலினின் வேலை. மதிலே இல்லாத வைரஸை அது என்ன செய்யும்? புயலுக்குப் பயந்து கறையானுக்குத் தீனி போட்டோம்.

நம் நாடும் இந்தக் கவலைக்கு வெளியே இல்லை. 2012-ல் இந்திய டாக்டர் சங்கங்கள் பல சென்னையில் கூடி, மருந்து வீணாவதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். கடைசி ஆயுதமான சில ஆன்டிபயாடிக் மருந்துகளை டாக்டர் சீட்டின் பேரில்தான் விற்க வேண்டும், விற்றதைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு 2014-ல் நாடெங்கும் அமலுக்கு வந்தது.

சட்டம் கடை வாசல் வரைக்கும்தான் வரும். வீட்டுக்குள் நாம்தான் காவல். ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன அளவைச் சொன்னபடி சாப்பிட வேண்டும். மிச்சம் வைத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஸ்டாக்ஹோம் கதையில் தவறு செய்தவன் கணவன், செத்தவள் மனைவி. பிளெமிங் அந்த இருவருக்கும் பெயர் வைக்கவில்லை. அந்த இடத்தில் எந்த வீட்டுப் பெயரும் ஏறிவிடலாம். அது நம் வீட்டுப் பெயராக ஆகாமல் பார்த்துக் கொள்வதே, கழுவிக் கொட்ட வேண்டிய தட்டிலிருந்து கோடி உயிர்களை மீட்ட அந்தக் குடியானவர் மகனுக்கு நாம் செலுத்தக் கூடிய நன்றி.